விபத்துக்கு முன்பே தீர்மானமாகும் இழப்பீடு

வங்கிக் கடனில் வாங்கப்பட்ட காரின் காப்பீட்டுப் பாலிசியை எடுத்துப் பார்த்தால், உரிமையாளர் பெயருடன் கடன் தந்த வங்கியின் பெயரும் கிளையும் அச்சிடப்பட்டிருக்கும். பதிவுச் சான்றிதழிலும் ஹைப்பாதிகேஷன் என்று இதே குறிப்பு உண்டு. இதை வெறும் சம்பிரதாயமாகக் கருதுவோரே மிகுதி. ஆனால் அதன் பொருள் தெளிவானது. கார் முழுவதும் அழிந்தாலோ களவு போனாலோ, காப்பீட்டு நிறுவனம் தரும் தொகை முதலில் கடன் கணக்கிற்கே வரும். நிலுவை தீர்ந்தபின் எஞ்சுவதே உரிமையாளருக்கு. காப்பீடு விற்காத வங்கி அலுவலரிடமும் வாடிக்கையாளர்கள் காப்பீட்டைப் பற்றி ஓயாமல் கேட்பதற்கு இதுவே காரணம்.

அக்கேள்விகள் பெரும்பாலும் விபத்து நடந்தபின் எழுகின்றன. இழப்பீடு கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்பதோ அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, பாலிசியைப் புதுப்பித்த நாளிலோ, பிரீமியத்திற்குக் காசோலை எழுதிய நாளிலோ, காரை விற்ற நாளிலோ பெருமளவு முடிவாகிவிடுகிறது. ஆகவே அந்த நாட்களைப் பற்றியே இங்கு சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரு கார், இரண்டு காலக்கெடு

பொது இடத்தில் ஓடும் எந்த மோட்டார் வாகனத்திற்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 146-ஆம் பிரிவு. அது இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அடுத்த முறை அபராதம் 4,000 ரூபாய். அபராதம் சிறிதுதான், விபத்தில் ஒருவர் உயிரிழந்தால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு முழுவதும் உரிமையாளரின் சொந்தச் சொத்திலிருந்து செல்ல வேண்டும் என்பதே பெரிய ஆபத்து.

உச்ச நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி, 2018 செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தாக வேண்டும். காருக்கு நேரும் சேதத்தை ஈடுசெய்யும் சொந்தச் சேதக் காப்பீட்டையும் மூன்றாண்டுக்குச் சேர்த்து விற்கும் முறை சில காலம் இருந்து, 2020 ஆகஸ்ட் 1 முதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. எனவே இன்று ஷோரூமிலிருந்து வெளிவரும் புதிய காருக்கு ஒரே பாலிசியில் இரண்டு முடிவுத் தேதிகள் இருப்பது வழக்கம். மூன்றாம் நபர் பகுதிக்கு மூன்றாண்டு; சொந்தச் சேதப் பகுதிக்கு ஓராண்டு.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். “மூன்று வருடத்திற்குக் கட்டிவிட்டோமே” என்று நிம்மதியாக இருப்பவரின் கார், இரண்டாம் ஆண்டின் முதல் நாளிலிருந்தே தன் சேதத்திற்குப் பாதுகாப்பின்றி ஓடிக்கொண்டிருக்கும். போக்குவரத்துக் காவலர் கேட்டால் செல்லுபடியாகும் பாலிசி கையில் இருக்கும், அபராதம் வராது. மரம் விழுந்து கூரை நசுங்கினால் மட்டுமே உண்மை தெரியவரும். மூன்றாம் நபர் காப்பீடு பிறரின் உயிருக்கும் உடலுக்கும் தொகை வரம்பின்றியும், பிறரின் சொத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரையிலும் பொறுப்பேற்கும். உங்கள் காருக்கு அது ஒரு ரூபாயும் தராது. இன்றே பாலிசியை எடுத்து இரண்டு தேதிகளையும் தனித்தனியே பாருங்கள்.

புதுப்பிக்கும் நாள்

ஆயுள் காப்பீட்டிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பிரீமியம் செலுத்தச் சலுகை நாட்கள் உண்டு. அந்தப் பழக்கத்தில் கார்க் காப்பீட்டிற்கும் ஒரு மாத அவகாசம் இருப்பதாக நினைப்பவர்கள் உள்ளனர். கிடையாது. குறிப்பிட்ட தேதியின் நள்ளிரவோடு பாதுகாப்பு முடிகிறது. மறுநாள் காலை எட்டு மணிக்கு விபத்து நேர்ந்து, ஒன்பது மணிக்குப் பிரீமியம் செலுத்தினால் பயனில்லை. காலாவதியான பாலிசியைப் புதுப்பிக்கும்போது நிறுவனம் காரை நேரிலோ காணொளி வழியாகவோ பரிசோதித்த பின்பே சொந்தச் சேதப் பாதுகாப்பைத் தரும்.

90 நாள் என்று பலர் கேள்விப்பட்டிருப்பது வேறொன்று. முடிவுத் தேதியிலிருந்து 90 நாட்களுக்குள் புதுப்பித்தால் நோ கிளெயிம் போனஸ் பறிபோகாது. போனஸ் காக்கப்படுமே தவிர, இடைப்பட்ட நாட்களில் கார் பாதுகாக்கப்படாது.

புதுப்பிக்கும்போது கவனிக்க வேண்டிய முக்கியமான எண் ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பு. கார் களவு போனாலோ, பழுதுபார்க்கும் செலவு இம்மதிப்பின் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ, இழப்பீட்டிற்கு அடிப்படை இதுவே. தயாரிப்பாளரின் விற்பனை விலையிலிருந்து, காரின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து இது கணக்கிடப்படுகிறது. ஓராண்டு முடிந்த காருக்கு 20 சதவீதம், இரண்டாண்டு முடிந்த காருக்கு 30, மூன்றாண்டு முடிந்ததற்கு 40, நான்காண்டு முடிந்ததற்கு 50 சதவீதம் எனத் தேய்மானம் உயரும். பிரீமியத்தை ஒப்பிட்டுக் காட்டும் திரைகளில் மிகக் குறைந்த தொகை முதலில் கண்ணில் படும். அது குறைவாக இருப்பதற்கு ஐ.டி.வி. குறைக்கப்பட்டிருப்பது காரணமா என்று பார்ப்போர் சிலரே.

கடன் உள்ளவருக்கு இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். விலை 10 லட்சம் ரூபாய் உள்ள காருக்கு 9.5 லட்சம் கடன், 7 ஆண்டுத் தவணை, 9.5 சதவீத வட்டி என்று கொள்வோம். மாதத் தவணை சுமார் 15,500 ரூபாய். இரண்டு ஆண்டுகள் தவறாமல் கட்டியபின்னும் நிலுவை ஏறத்தாழ 7.39 லட்சம் இருக்கும். மூன்றாம் ஆண்டுப் பாலிசியில் அக்காரின் ஐ.டி.வி. 7 லட்சம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் கார் முற்றிலும் அழிந்தால், இழப்பீடு முழுவதும் கடனுக்குப் போன பின்னும் உரிமையாளர் 39,000 ரூபாய்க்கு மேல் கையிலிருந்து கட்ட வேண்டும். பிரீமியத்தில் ஓரிரு ஆயிரம் மிச்சப்படுத்துவதற்காக ஐ.டி.வி.யை 6 லட்சமாகக் குறைத்திருந்தால், இல்லாத காருக்காக அவர் கட்ட வேண்டியது 1.39 லட்சம். முன்பணம் குறைவாகவும் தவணைக்காலம் நீண்டதாகவும் உள்ள கடன்களில் முதல் சில ஆண்டுகளில் இந்தப் பள்ளம் ஏற்படக்கூடும். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்னும் கூடுதல் பாதுகாப்பு இதை நிரப்பப் பயன்படும். பெரும்பாலும் புதிய கார்களுக்கே அது கிடைக்கும். இத்தகைய கடன் எடுப்பவர்களுக்கு அதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். மற்ற கூடுதல் பாதுகாப்புகளில் பல, தேவையறிந்து எடுக்க வேண்டியவை.

பிரீமியம் செலுத்தும் முறையிலும் எச்சரிக்கை தேவை. காப்பீட்டுச் சட்டம், 1938-இன் 64வி.பி. பிரிவின்படி, பிரீமியம் முன்னதாகப் பெறப்படாமல் நிறுவனம் பொறுப்பேற்க இயலாது. காசோலை பணமின்றித் திரும்பினால் பாலிசி ரத்தாகும். இது குறித்து உச்ச நீதிமன்றம் 2012-இல் லக்ஷ்மம்மா வழக்கில் ஓர் எல்லை வகுத்தது. ரத்துச் செய்தி விபத்துக்கு முன்பே உரிமையாளரை அடைந்திருந்தால் நிறுவனத்திற்குப் பொறுப்பில்லை. அடையும் முன்பே விபத்து நேர்ந்தால், பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். பிறகு உரிமையாளர்மீது நடவடிக்கை எடுக்கலாம். உரிமையாளரின் சொந்தக் கார்ச் சேதத்திற்கு இத்தீர்ப்பு துணை நில்லாது. காசோலை தந்தவர்கள் பாலிசி வந்ததோடு நின்றுவிடாமல், கணக்கிலிருந்து பணம் உண்மையில் கழிந்ததா என்று பார்ப்பது நல்லது.

சிறு சேதமும் போனஸும்

ஓராண்டு இழப்பீடு கோராமல் இருந்தால் அடுத்த ஆண்டுச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து கோராவிடில் அது 25, 35, 45 என உயர்ந்து, ஐந்தாண்டு முடிவில் 50 சதவீதத்தில் நிலைபெறும். ஒரு முறை கோரினால் மறுபடியும் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

50 சதவீதப் போனஸ் உள்ள ஒருவரின் சொந்தச் சேதப் பிரீமியம், தள்ளுபடிக்கு முன் 12,000 ரூபாய் என்போம். ஒரு சிறு மோதலில் பம்பர் உடைகிறது. புதிய பம்பர் 6,000 ரூபாய், கூலி 2,000 ரூபாய். பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதத் தேய்மானம் கழிக்கப்படுவதால் பம்பருக்குக் கிடைப்பது 3,000. கூலியைச் சேர்த்தால் 5,000. 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு கோரிக்கையிலும் 1,000 ரூபாய் கட்டாயக் கழிவு உண்டு. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000. ஆக, கைக்கு வருவது 4,000 ரூபாய். இழப்பதோ அடுத்த ஆண்டு 6,000, அதற்கடுத்து 3,600, பின் 3,000, 1,800, 600 என மொத்தம் 15,000. பிரீமியம் ஆண்டுதோறும் குறையக்கூடும் என்பதால் இத்தொகை சற்றுக் குறையலாம், முடிவு மாறாது. பணிமனையில் “இன்சூரன்ஸில் போட்டுவிடலாம் சார்” என்று சொல்பவர் இக்கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை.

இந்தப் போனஸ் காருக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்றுப் புதியது வாங்கும்போது, முந்தைய நிறுவனத்திடம் போனஸ் சான்றுக் கடிதம் பெற்றுப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். கடிதம் மூன்றாண்டு செல்லும். முந்தைய ஆண்டு இழப்பீடு பெற்றிருந்தும், நிறுவனம் மாறுகையில் பெறவில்லை என்று குறிப்பிட்டுப் போனஸ் வாங்குவோர் உண்டு. நிறுவனங்கள் இதைத் தமக்குள் சரிபார்த்துக்கொள்ள முடியும். அன்று மிச்சமாகும் சில ஆயிரத்திற்காகப் பின்னாளில் ஒரு பெரிய கோரிக்கையே மறுக்கப்படலாம்.

ரத்து, விற்பனை, கடன் முடிவு

பாலிசியை ரத்து செய்ய விரும்பும் காரணங்களில் அடிக்கடி காண்பது இரட்டைக் காப்பீடு. வாடிக்கையாளர் புதுப்பித்த பாலிசியின் நகலைக் கிளைக்கு அனுப்பாமல் விட்டுவிடுவார். கடன் ஒப்பந்தத்தின்படி வங்கி தானே புதுப்பித்துப் பிரீமியத்தைக் கணக்கில் பற்று வைத்துவிடும். ஒரே காருக்கு ஒரே வகையில் இரண்டு பாலிசிகள் இருந்தால், பின்னால் தொடங்கியதை ரத்து செய்வதே வழக்கமான முறை. நகலை உரிய நாளில் அனுப்பிவிட்டால் இந்த அலைச்சலே இராது. எந்த நிறுவனத்தில் காப்பீடு எடுப்பது என்பது வாடிக்கையாளரின் விருப்பம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வங்கியோ விற்பனையாளரோ குறிப்பிட்ட நிறுவனத்தையே வற்புறுத்த இயலாது.

ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்னும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை இதில் வாடிக்கையாளருக்குச் சாதகமானது. காரணம் கூறாமலே பாலிசியை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ஓராண்டுக்கு மேற்படாத பாலிசியாக இருந்து, இழப்பீடு எதுவும் கோரப்படாதிருந்தால், எஞ்சிய காலத்திற்கான பிரீமியம் விகிதப்படி திரும்பக் கிடைக்கும். நிறுவனமோ, மோசடி நிரூபணமானால் மட்டுமே, அதுவும் குறைந்தது 7 நாள் அறிவிப்புக் கொடுத்தே ரத்து செய்ய முடியும். ஆனால் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயமானது. வேறு செல்லுபடியாகும் பாலிசி இருப்பதை நிறுவனம் கேட்கும். புதியதைத் தொடங்கிவிட்டுப் பழையதை ரத்து செய்வதே சரியான வரிசை. ஆண்டுதோறும் தானாகப் பணம் கழியும் ஏற்பாட்டிற்கு ஒப்புதல் தந்திருந்தால், அதை வங்கியில் தனியே நீக்க வேண்டும். பாலிசி ரத்தானதால் அந்த ஒப்புதல் ரத்தாகிவிடாது.

காரை விற்பவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுகின்றனர்; பதிவுச் சான்றிதழில் பெயர் மாறியதா என்று பார்ப்பதில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த நவீன் குமார் வழக்கில், கார் அடுத்தடுத்துப் பலர் கைக்கு மாறியிருந்தது. பதிவு மட்டும் முதல் உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. விபத்தில் இழப்பீடு தரும் பொறுப்பு அவர்மீதே சுமத்தப்பட்டது. வாங்குபவர் தரப்பிலும் கடமை உண்டு. மூன்றாம் நபர் பாதுகாப்பு வாங்கியவருக்கு மாறியதாகவே சட்டம் கருதும். ஆயினும் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திற்கு விண்ணப்பித்துப் பெயர் மாற்றாவிடில், சொந்தச் சேத இழப்பீட்டை எதிர்பார்க்க முடியாது. காருக்கும் பாலிசிக்கும் இரு வேறு உரிமையாளர்கள் இருக்கும் நிலை எவருக்கும் நன்மை தராது.

கடன் தீர்ந்ததும் வங்கி தரும் தடையின்மைச் சான்றையும் படிவம் 35-ஐயும் கொண்டு பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயரை நீக்குவோர்கூடப் பாலிசியை மறந்துவிடுகின்றனர். அதில் வங்கியின் பெயர் தொடர்ந்தால், கார் முற்றிழப்பாகும் நாளில் நிறுவனம் மீண்டும் வங்கியின் சான்றைக் கேட்கும். பணம் அதுவரை நிற்கும். ஒரு சிறு விண்ணப்பத்தில் முடிகிற வேலை இது.

இழப்பீடு கோரும்போது

மழைநீரில் மூழ்கிய கார்களைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். 2005 ஜூலையில் மும்பையும், 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையும் கண்ட காட்சி அது. வெள்ளச் சேதம் சொந்தச் சேதப் பாலிசியில் அடங்கும். ஆனால் நீரில் நின்ற காரைக் கிளப்பிப் பார்க்கும்போது எஞ்சினுக்குள் நீர் இழுக்கப்பட்டு அது பழுதானால், அது வெள்ளத்தால் நேரடியாக நேர்ந்ததன்று, பின்விளைவு என்று கூறி நிறுவனங்கள் மறுக்கின்றன. எஞ்சின் பாதுகாப்பைக் கூடுதலாக எடுத்திருந்தால் மட்டுமே இதில் நம்பிக்கை வைக்கலாம். தாழ்வான பகுதியில் வசிப்போருக்கு இது வீண் செலவாகாது. கார் நீரில் நின்றிருந்தால் சாவியைத் தொடாமல், நீர் எட்டிய உயரம் தெரியுமாறு படமெடுத்து, நிறுவனத்திற்குத் தெரிவித்து, இழுவை வண்டியில் பணிமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

களவு போனால் முதல் வேலை காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை. காவல் துறையில் உடனே புகார் செய்தும் நிறுவனத்திற்குத் தாமதமாகத் தெரிவித்தார் என்ற ஒரே காரணத்தால் உண்மையான கோரிக்கையை மறுக்கலாகாது என 2020-இல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்காக நிறுவனத்திற்குத் தெரிவிப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். அன்றே ஒரு மின்னஞ்சல் போதும். இரண்டு சாவிகளையும் நிறுவனம் கேட்கும் என்பதால் மாற்றுச் சாவி எங்கிருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கடன் உள்ள கார் என்றால் கிளைக்கும் தெரிவியுங்கள். கார் போய்விட்டது என்று தவணையை நிறுத்துவது தவறு. இழப்பீடு வரும்வரை வட்டியும் ஓடும், தவணை தவறிய பதிவு உங்கள் கடன் வரலாற்றிலும் ஏறும்.

விபத்தில் பிறருக்குக் காயம் ஏற்பட்டால், சமரசம் ஆகிவிட்டது என்று இருந்துவிடாமல் நிறுவனத்திற்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் பின்னர் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இல்லையெனில், நிறுவனம் அவருக்கு இழப்பீடு தந்துவிட்டு அதை உங்களிடம் வசூலிக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிடக்கூடும். காரை உறவினர் மகனுக்கு ஒரு நாள் இரவல் தருபவர்கள் உரிமத்தைக் கேட்டுப் பார்க்கக் கூச்சப்படுகின்றனர். அந்தக் கூச்சத்தின் விலை பல லட்சம் ஆகலாம்.

மேற்சொன்ன சுற்றறிக்கையின்படி, கோரிக்கை பதிவான 24 மணி நேரத்தில் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். அவர் 15 நாட்களில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை கிடைத்த 7 நாட்களில் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். சர்வேயர் பார்க்கும் முன் பழுது நீக்கத் தொடங்கக் கூடாது. அவர் ஏற்றுக்கொண்ட தொகை எவ்வளவு, எந்தப் பாகங்களை எக்காரணத்தால் விலக்கினார் என்பதை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மறுப்பு எதுவாயினும் எழுத்தில், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்ற விவரத்துடன் பெறுங்கள். தொலைபேசியில் சொல்லப்படும் மறுப்பை வைத்து எங்கும் முறையிட முடியாது.

மறுப்பு நியாயமற்றது எனத் தோன்றினால், நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு முதலில் எழுத வேண்டும். ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் புகாரைப் பதியலாம். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணமில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் பிறப்பிக்கும் உத்தரவை நிறுவனம் 30 நாட்களில் நிறைவேற்ற வேண்டும். தமிழ்நாட்டிற்கும் புதுச்சேரிக்குமான அலுவலகம் சென்னையில் இயங்குகிறது. அங்கே செல்லும்போது பாலிசி, மறுப்புக் கடிதம், சர்வே அறிக்கை, நீங்கள் நிறுவனத்திற்கு எழுதிய கடிதங்களின் நகல்கள் ஆகிய அனைத்தும் தேதி வாரியாகக் கையில் இருக்கட்டும்.